போதை மீட்பு ஆலோசனை, வன்முறைத் தடுப்பு: பயிற்சிக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

போதை மீட்பு ஆலோசகராகவோ வன்முறைத் தடுப்புப் பணியாளராகவோ ஆக ஆசைப்பட்டு, எதில் சேர்வது, என்ன படிப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்கான பக்கம் இது. உரிமமும் கல்வித் தகுதியும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கே இருந்தாலும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும்.

குடி, போதை ஒரு துறை. அடிதடி, வன்முறை இன்னொரு துறை. இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்?

இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருப்பதால்தான். மீட்பு மையத்துக்கு வருகிறவர்களில் அடித்தவர்களும் இருப்பார்கள், அடி வாங்கியவர்களும் இருப்பார்கள். சிலர் இரண்டுமாக இருப்பார்கள்.

"குடி நின்றால் அடியும் நின்றுவிடும்" என்பது பல குடும்பங்கள் நம்புகிற கணக்கு. அதில் பாதி சரி. மது, அடி விழும் வாய்ப்பையும் அதன் மூர்க்கத்தையும் கூட்டும். ஆனால் எவ்வளவு குடித்தாலும் மேலதிகாரி மேல் கை வைக்காமல், வீடு வந்து சேர்ந்து மனைவியை மட்டும் அடிக்கிறவருக்கு யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. குடியை விட்ட பிறகும் போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கையில் காசு தராமல் வைப்பது, வெளியே விடாமல் தடுப்பது என்று அது வேறு வடிவத்தில் தொடரும். போதையைப் பற்றி மட்டும் படித்த ஆலோசகர் அந்த மனைவியிடம், "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, இப்பத்தானே விட்டிருக்கார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு வரி உயிருக்கே வினையாகலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், அப்படி எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்குவரை கூடுதலாக இருந்தது. இதைப் படித்தவர் "ஏன் குடிக்கிறீங்க?" என்று ஆரம்பிக்கத் தயங்குவார்.

டாக்டராகவோ சைக்காலஜி படித்தவராகவோ இருந்தால்தான் முடியுமா?

இல்லை. இதில் பல படிகள் உண்டு. மீண்டு வந்தவர்கள் மற்றவர்களுக்குத் துணையாக இருக்கும் வேலை ஒன்று. சான்றிதழ் பெற்ற ஆலோசகர் அடுத்த படி. நோய் கண்டறிந்து தனியாகச் சிகிச்சை தர உரிமம் உள்ளவர்கள் அதற்கும் மேலே. முதல் இரண்டுக்குப் பல இடங்களில் பெரிய பட்டம் கேட்பதில்லை. பயிற்சி நேரமும், மேற்பார்வையில் வேலை பார்த்த நேரமும்தான் கணக்கு.

சர்வதேச அளவில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை, பல நாட்டு அரசுகள் சேர்ந்த கொழும்புத் திட்டம் என்ற அமைப்பின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு வழியாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கும் இரண்டு பாடத்திட்டங்கள். ஒன்று சிகிச்சைக்கானது, மற்றது தடுப்புக்கானது. இவற்றை ஒட்டித் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் உங்கள் நாட்டில் உரிமமாகச் செல்லுமா என்பது வேறு கேள்வி. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பகுதி உரிம அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். பயிற்சி நிறுவனத்திடம் கேட்டால் "செல்லும்" என்றுதான் சொல்வார்கள்.

நானே குடித்து மீண்டவன். எனக்கு இந்த வேலை சரிவருமா?

நன்றாகவே வரும். இந்தத் துறையைக் கட்டி எழுப்பியதில் பெரும்பங்கு உங்களைப் போன்றவர்களுடையது. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்ததுதான், குடியை விட நினைப்பவர்கள் கூட்டம் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, "நான் இப்படித்தான் மீண்டேன், நீயும் இப்படியே வா" என்கிற பிடிவாதம். உங்களுக்குக் கூட்டங்கள் கைகொடுத்திருக்கலாம், எதிரே இருப்பவருக்கு மருந்து கைகொடுக்கலாம். இரண்டாவது, சொந்தக் கதையைச் சொல்வது. சொல்லலாம், தப்பில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால், இது அவருக்கு உதவுமா அல்லது எனக்கு ஆறுதலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். பல பயிற்சிகள் சேர்வதற்கு முன் குறிப்பிட்ட காலம் போதை இல்லாமல் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிபந்தனை உங்களுக்கும் பாதுகாப்பு.

பாடத்திட்டத்தில் என்னதான் இருக்கும்?

மதிப்பீட்டில் ஆரம்பிப்பார்கள். ஆடிட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. 10 கேள்விகள், அதிகபட்சம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான அளவில் இருக்கிறது என்று பொருள். அப்புறம், மனநலப் பாதிப்புகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின் 11 அறிகுறிகள். அவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசான பாதிப்பு, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் போனால் தீவிரம். இதன் பலன், "குடிகாரன்" என்று ஒற்றைச் சொல்லில் ஆளை முடித்துவிடாமல், பிரச்சினை எந்த அளவில் இருக்கிறது என்று பேச முடிகிறது.

அடுத்து, மாற்றத்தின் கட்டங்கள். புரோச்சாஸ்கா, டிகிளெமென்டி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1980-களில் புகைப்பதை விட்டவர்களை வைத்துச் சொன்னது. விடுவதைப் பற்றி இன்னும் நினைத்தே பார்க்காதவரிடம் "எந்தத் தேதியில் நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டுப் பயனில்லை என்பதுதான் அதன் சாரம். இவற்றோடு மறுபடி போதைக்குத் திரும்பாமல் தடுக்கும் திறன்கள், குழு சிகிச்சை, குடும்பத்தாருடன் பேசுவது, கேஸ் ஷீட் எழுதுவது, தொழில் நெறிகள் எல்லாம் வரும்.

வன்முறைத் தடுப்புப் பக்கத்தில் பொதுச் சுகாதாரப் பார்வைதான் அடித்தளம். 1996-இல் உலக சுகாதாரப் பேரவை வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. குற்றவாளியைப் பிடித்துத் தண்டிப்பது போலீஸ், கோர்ட் வேலை. எங்கே, யாருக்கு, எப்போது நடக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே குறுக்கே நிற்பது இந்த வேலை.

நான் நன்றாக அறிவுரை சொல்வேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அது போதாதா?

அதுதான் முதலில் விட வேண்டிய பழக்கம்.

1983-இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரையில் முன்வைத்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். போதை ஆலோசனை எங்கே கற்பித்தாலும் இது இருக்கும். ரோல் ப்ளேயில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார்: "வீட்ல நச்சரிச்சாங்கன்னு வந்தேன் சார். எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை. என்னைவிடக் குடிக்கிறவன் எத்தனையோ பேர் இருக்கான்."

புதிதாகச் சேர்ந்த மாணவர் உடனே, "அப்படிச் சொல்லாதீங்க, உங்க லிவர் ரிப்போர்ட்டைப் பாருங்க" என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் என்ன செய்வார்? ரிப்போர்ட் தப்பு என்பார், தாத்தா தொண்ணூறு வயதுவரை குடித்தார் என்பார். மாணவர் குடிக்கு எதிராக வாதாடும்போது அவர் குடிக்கு வக்கீலாகிவிடுகிறார். தன் வாயால் சொல்லச் சொல்ல அந்த வாதம் அவருக்கே இன்னும் உறுதியாகிறது.

பழகியவர் வேறு மாதிரி போவார். "உங்களுக்கா தோணி வரலை. வீட்ல சொன்னதுக்காக வந்திருக்கீங்க."

"ஆமா சார். பொண்ணு இப்பல்லாம் பேசுறதே இல்லை. அதான்..."

"அவ பேசாம இருக்கறதுதான் உங்களைப் போட்டு வாட்டுது."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போதையிலேயே போயிட்டேன் சார்."

இங்கே ஆலோசகர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை. கேட்டதை, அதன் அடியில் இருப்பதையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். விட வேண்டியதற்கான காரணம் வந்தவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. பயிற்சியில் உங்கள் உரையாடலை ஒலிப்பதிவு செய்து வரிக்கு வரி எண்ணுவார்கள்: எத்தனை கேள்வி, எத்தனை முறை இப்படித் திருப்பிச் சொன்னீர்கள் என்று. ஒரு கேள்விக்கு இரண்டு என்ற விகிதம் வந்தால் நல்ல தேர்ச்சி. முதல் பதிவில் பெரும்பாலானோருக்குக் கேள்விகள்தான் குவிந்து கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையில் இது படியாது. மில்லரும் மற்றவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டறைக்குப் பிறகு தங்கள் பதிவுகளுக்குக் கருத்தோ தனிப்பட்ட வழிகாட்டலோ பெற்றவர்களிடம்தான் திறன் நன்றாக நிலைத்தது.

மருந்து சமாசாரமெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆலோசகருக்கு எதற்கு?

முதலில் உங்களிடம்தான் வருவார்கள் என்பதால்.

பல வருடமாகத் தினமும் குடிக்கிற ஒருவர், "இன்னைக்கு ராத்திரியோட நிறுத்திடறேன்" என்று உறுதி சொல்கிறார். குடும்பம் சந்தோஷப்படுகிறது. அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் பயப்பட வேண்டும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற நிலை வரலாம்: இடம், நேரம் குழம்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இதயத் துடிப்பு எகிறும். கவனிக்காவிட்டால் ஆளே போய்விடலாம். நீண்ட காலம் எடுத்த சில வகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினாலும் இதே ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்டு, ஆமாம் என்றால் கையோடு மருத்துவமனைக்கு அனுப்புவது ஆலோசகர் வேலை.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. விடும்போது படும் வேதனை கொடுமையானது, ஆனால் உயிரைப் பறிப்பது அரிது. விட்ட பிறகுதான் கண்டம். உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். சிறையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் குறிப்பாக மோசமான காலம். அளவு மீறிய ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்கிற மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதை நல்ல பயிற்சிகளில் கையில் கொடுத்தே பழக்குகிறார்கள்.

ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், புப்ரினார்பின் மருந்துகளை "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று" என்று இளக்காரமாகப் பேசும் பயிற்சியாளர் வாய்த்தால், அவருடைய மற்றப் பாடங்களையும் சந்தேகத்தோடே கேளுங்கள். 1960-களிலிருந்து கிடைத்துவரும் சான்றுகள் இவை மரணங்களைக் குறைப்பதாகச் சொல்கின்றன.

வன்முறைத் தடுப்பு என்றால் நடுவில் புகுந்து சண்டையை விலக்குவதா?

சில வேலைகளில் ஆமாம். தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின், 2000-இல் சிகாகோவில் தொடங்கிய திட்டம் பின்னாளில் க்யூர் வயலன்ஸ் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. ஒரு கொலைக்குப் பழிவாங்க இன்னொரு கொலை என்று வன்முறை தொற்றுநோய் மாதிரி பரவுகிறது, பரவும் கண்ணியை அறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வேலைக்கு அந்தத் தெருவில் மரியாதை உள்ள, பலர் முன்பு அடிதடியில் இருந்து விலகி வந்த ஆட்களை எடுத்தார்கள். அங்கே பட்டத்துக்கு மதிப்பில்லை. கோபத்தில் கொதிப்பவர் "சரி, உனக்காகப் பொறுக்கிறேன்" என்று சொல்லும் அளவுக்கு உங்கள் மேல் மதிப்பு இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் மதிப்பீடுகளில் சில இடங்களில் நல்ல பலன், சில இடங்களில் பெரிய மாற்றமில்லை.

மற்ற வேலைகள் இவ்வளவு பரபரப்பானவை அல்ல. பள்ளிகளில் கோபத்தைக் கையாளக் கற்பிப்பது, இளம் பெற்றோருக்குப் பயிற்சி, அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர் படுக்கையில் இருக்கும்போதே போய்ப் பேசுவது போன்றவை. ஆனால் பயமுறுத்தும் பாணி பலிப்பதில்லை. சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப் போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டங்களை ஆராய்ந்தபோது, அவை குற்றத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியிருப்பது தெரிந்தது. ஆனாலும் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு இன்னும் கைதட்டல் கிடைக்கிறது.

குடும்ப வன்முறையில் கணவன், மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினால் தீராதா?

சண்டை சச்சரவுக்கு அது சரி. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டுக்கு அது பொருந்தாது. அறைக்குள் அவர் உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போனதும் அதற்கான விலையைக் கொடுப்பார். அதனால் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் முதல் விதி. மொழிபெயர்ப்புக்குக்கூடக் குடும்பத்தாரை உட்கார வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஆபத்து மதிப்பீடு. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் பேராசிரியர் 1980-களில் உருவாக்கிய கேள்வித்தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறாரா, வீட்டில் ஆயுதம் உண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, சமீபத்தில் பிரிந்து வந்தீர்களா போன்ற கேள்விகள் அதில் வரும். கழுத்தில் தடயம் இல்லையென்றாலும் நெரித்தது பெரிய அபாய அறிகுறி. இன்னொன்று, "ஏன் இன்னும் விட்டுட்டு வரலை?" என்று கேட்பவர்களுக்குத் தெரியாதது: பிரிந்து போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று.

மூன்றாவது, பாதுகாப்புத் திட்டம். இது ஒரு படிவம் நிரப்பும் வேலை என்று நினைக்காதீர்கள். குரல் உயரத் தொடங்கியதும் சமையலறையை விட்டு, தாழ்ப்பாள் போடும் அறையை விட்டு, வாசல் பக்கம் நகர்வது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தையின் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது. பக்கத்து வீட்டு அக்காவுடன் ஒரு சங்கேத வார்த்தை பேசிவைப்பது: அதைச் சொன்னால் அவர் போலீஸைக் கூப்பிட வேண்டும். போனை அடிக்கிறவர் எடுத்துப் பார்ப்பாரா, உங்கள் எண்ணை என்ன பெயரில் சேமிப்பது என்றுகூட உட்கார்ந்து பேச வேண்டும்.

அடிக்கிறவர்களுக்கான திட்டங்களும் உண்டு. அவற்றின் பலன் பற்றிய சான்றுகள் சுமார்தான். வெறும் கோப மேலாண்மை வகுப்பு அதற்கு ஈடாகாது.

வந்தவர் சொல்வதை எல்லாம் ரகசியமாக வைக்க வேண்டுமா?

பெரும்பாலும். ஆனால் விதிவிலக்குகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: குழந்தைக்குக் கொடுமை, தற்கொலை ஆபத்து, இன்னொருவரைக் கொல்லும் திட்டம். 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில், ஆபத்தில் இருக்கும் மூன்றாம் நபரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. எல்லா நாட்டிலும் அதே சட்டம் இல்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு "இதை நான் சொல்லியாகணும்" என்றால் அது துரோகமாகத்தான் தெரியும்.

ஆன்லைனில் படித்தால் போதுமா?

பாடத்துக்குப் போதும். கேட்கும் பழக்கத்துக்குப் போதாது.

நல்ல பயிற்சி நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் ஒருவரிடம் பேசுவதை யார், எத்தனை முறை கேட்டுத் திருத்துவார்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம். நேரடி மேற்பார்வை இல்லாத பயிற்சியில் கையில் மிஞ்சுவது காகிதம்தான். "நூறு சதவீதம் குணமாக்குகிறோம்" என்ற விளம்பரம் இன்னொரு எச்சரிக்கை. கட்டி வைப்பது, அடிப்பது, கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவது இதெல்லாம் சிகிச்சை என்று சொல்லித்தரும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். 1958-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சினனான் என்ற அமைப்பு, போதையர்களை வட்டமாக உட்கார வைத்து ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடச் செய்வதையே மருந்தாகச் சொன்னது. பலர் அதைப் பார்த்து வியந்தார்கள். 1978-இல் அந்த அமைப்பின் ஆட்கள், தங்களுக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞரின் தபால் பெட்டியில் விஷப் பாம்பை வைத்தார்கள். போதையிலிருந்து மீட்க வந்த இடமே வன்முறையில் போய் நின்றது.

வேலை எங்கே கிடைக்கும்? சம்பளம்?

மருத்துவமனை, மீட்பு மையம், சிறை, நீதிமன்றம், பள்ளி, கல்லூரி, பாதுகாப்பு இல்லம், உதவி எண் மையம், பெரிய நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவு. ஆரம்பச் சம்பளம் பெரும்பாலான இடங்களில் குறைவுதான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பல மாதம் பாடுபட்ட பிறகு அவர் மறுபடி குடித்துவிட்டு வந்தால்?

வருவார், பழகிக்கொள்ளுங்கள். போதை நோயில் மறுபடி விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று மதிப்பிடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையை விட்டு மோசமாவதும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. ஆஸ்துமா திரும்பி வந்தவரை யாரும் திட்டி அனுப்புவதில்லை. திரும்பி வந்தவரிடம் "என்ன நடந்தது, அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தது?" என்று ஆரம்பியுங்கள். விழுந்ததைவிட, வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடுவதுதான் அதிக ஆபத்து.

என் மனசு தாங்குமா?

தனியாகத் தாங்காது. தினமும் கொடுமைகளைக் கேட்பவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வீட்டில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். யோகா வகுப்பு வைப்பதாகச் சொல்லிவிட்டு ஒருவர் தலையில் அளவுக்கு மீறி கேஸ்களைக் கட்டும் நிறுவனங்கள் உண்டு. எத்தனை கேஸ், வாரத்துக்கு எவ்வளவு நேரம் மேற்பார்வை, வந்தவர் இறந்துபோனால் ஊழியருக்கு என்ன ஆதரவு என்று வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். கேட்பதற்காக உங்களைத் தவறாக நினைக்கும் இடம் நீங்கள் நீடிக்கப்போகிற இடமில்லை.

சேர்வதற்கு முன்பே ஏதாவது செய்து பார்க்கலாமா?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பின் வரிசையில் உட்கார்ந்து, குறிப்பெடுக்காமல் கேளுங்கள். ஆடிட் கேள்வித்தாளை முதலில் உங்களுக்கே போட்டுப் பாருங்கள், நேர்மையாக. உதவி எண் மையங்கள் பலவற்றில் தன்னார்வலர்களுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள். சில வாரம் அங்கே போன் எடுத்துப் பார்த்தால், கட்டணம் கட்டிப் படிக்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.